காற்று இறங்கிய சக்கரம்



நீங்கள் வாழும் ஊர் எதுவாயினும், சாலையோரக் கம்பம் ஒன்றில் பழைய டயர் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய பெயர்ப்பலகை அது. அதன் அடியில் நீர் நிறைந்த ஒரு தொட்டி, காற்றடிக்கும் எந்திரம், எண்ணெய்ப் பிசுக்கேறிய சில கருவிகள், ஒரு மனிதர். ‘பஞ்சர்’ என்ற சொல் காஷ்மீரத்திலும் விளங்கும், கன்னியாகுமரியிலும் விளங்கும். வழியில் மோட்டார் சைக்கிளின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை இப்பாடம் கூறுகிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் நம்பியிருந்த காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

நான் இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன். பணியிட மாறுதலில் குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத் தலைநகரான புஜ்ஜுக்குச் சென்றேன். என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. சென்ற சில மாதங்களிலேயே அவள் விளையாட்டுத் திடலில் இந்தியும் குஜராத்தியும் பேசக் கற்றுக்கொண்டாள். எனக்கோ அஞ்சலகத்தில் ஓர் உறை வாங்குவதற்குள் வியர்த்துவிடும். வீட்டில் அவள் தமிழோடு பிறமொழிச் சொற்களைக் கலக்கும்போதெல்லாம் நான் திருத்துவேன். தமிழாசிரியரின் மகளாகப் பிறந்ததற்கு அவள் செலுத்திய வரி அது.

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வெண்ணிற உப்புப் பாலையைக் காண்பதற்காக இருவரும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். புஜ்ஜிலிருந்து வடக்கே செல்லும் சாலை கடகரேகையைக் கடக்கிறது. அவ்விடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அதற்கு அப்பால் விரிவது ‘பன்னி’ என்னும் புல்வெளி. சிரிக்காதீர்கள், அங்குள்ளோர் அப்பெயரைச் சொல்லும்போது நம் ஊர் விலங்கு அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. எருமை வளர்க்கும் மக்கள் வாழும் நிலம் அது. பன்னி எருமை என்றே ஓர் இனம் உண்டு. பிரண்டியாரா என்னும் ஊரில் சாலை இரண்டாகப் பிரிகிறது. நேரே சென்றால் காவ்டா. இடப்புறம் திரும்பினால் ஹோட்கா வழியாகத் தோர்டோ. தோர்டோவைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை உப்பு.

மாலை நாலரை மணிக்கே திரும்பிவிட்டோம். உப்பு வெளியில் கதிரவன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று மகள் கெஞ்சினாள். எண்பது கிலோமீட்டரை இருட்டில் கடக்க மனமில்லாமல் நான் மறுத்துவிட்டேன். ஹோட்காவைத் தாண்டிய பின் எருமைக் கூட்டம் ஒன்று சாலையை நிறைத்துக்கொண்டு எதிரே வந்தது. வண்டியைத் தார்ச்சாலையிலிருந்து மண்ணோரத்தில் இறக்கி மெல்லச் செலுத்தினேன். கூட்டம் கடந்ததும் மீண்டும் சாலையில் ஏறினோம். ஒரு கிலோமீட்டர் சென்றிருப்போம். வண்டியின் பின்புறம், சேற்றில் வழுக்கும் கால்போல இடமும் வலமும் அசைந்தது.

“அப்பா, காற்று இறக்கிவிட்டது!” என்று மகள் கூவினாள்.

“இறங்கிவிட்டது என்று சொல்லம்மா” என்றேன் நான்.

தள்ளாடும் வண்டியைப் பிடித்துக்கொண்டே இலக்கணம் திருத்திய தந்தை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தச் செய்திக்குப் பின்னர் வருகிறேன்.

ஓடும் வண்டியில் காற்று இறங்கினால் முதலில் செய்ய வேண்டுவது, எதையும் திடீரென்று செய்யாதிருத்தல். அச்சத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிப்பவர்களே பெரும்பாலும் விழுகிறார்கள். கைப்பிடியை நேராகப் பிடித்து, முறுக்கிய விசையை மெல்லத் தளர்த்தினால் வண்டி தானே வேகம் குறையும். பின்சக்கரத்தில் காற்று இறங்கினால் வண்டியின் பின்புறம் ஆடும். அப்போது முன்பிரேக்கை மெதுவாகப் பயன்படுத்தலாம். முன்சக்கரத்தில் இறங்கினால் கைப்பிடி கனக்கும், ஒரு பக்கமாக இழுக்கும். அப்போது பின்பிரேக்கே துணை. காற்றுள்ள சக்கரத்தை நம்பி நிறுத்த வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் சாலையின் இடப்பக்க ஓரத்தில், வளைவோ மேடோ மறைக்காத இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும்.

பதினெட்டு வயது நிரம்பும் வரை நீங்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போவதில்லை. ஆயினும் பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் வேலை உண்டு. வண்டி ஆடும்போது அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும், குதிக்கக் கூடாது. நின்றபின் இடப்பக்கமாக இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். கழற்றும் மரை, மூடி முதலியவற்றைத் தலைக்கவசத்தைக் கவிழ்த்து அதற்குள் போட்டுக் காக்க வேண்டும். புல்தரையில் விழுந்த ஒரு சிறு மரையைத் தேடியவர்களுக்கே இந்த வேலையின் அருமை தெரியும். என் மகள் அன்று இவை யாவற்றையும் சொல்லாமலே செய்தாள்.

என் பெட்டியில் எல்லாக் கருவிகளும் இருந்தன. நெம்புவதற்கு இரண்டு இரும்புப் பட்டைகள். கடைக்காரர்கள் இவற்றை லீவர் என்பார்கள். ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன் என்னும் பசை, உப்புத்தாள், காலால் மிதித்துக் காற்றடிக்கும் சிறு பம்பு. ஊரிலிருந்து வரும்போதே வாங்கி வந்தவை. அவற்றைப் பயன்படுத்த ஒரு வாய்ப்புக் கிடைத்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிகூட இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தினால் பின்சக்கரம் தரையில் படாமல் சுழலும். சுழற்றிப் பார்த்தேன். டயரின் மேற்பரப்பில் ஒரு முள் குத்தி நின்றது. பிடுங்கி எறிந்தேன். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று நிறைவடைந்தேன்.

வேலை தொடங்கியது. வால்வின் மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் ஊசியையும் திருகி எடுத்தால் எஞ்சிய காற்று வெளியேறும். வால்வை ரிமோடு இறுக்கியிருக்கும் மரையையும் கழற்ற வேண்டும். டயரின் விளிம்பு ரிமில் இறுகப் பற்றியிருக்கும். அதைக் காலால் மிதித்து விடுவித்து, ரிமின் நடுப்பள்ளத்திற்குள் தள்ளினால் எதிர்ப்பக்கத்தில் சற்றுத் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில்தான் இரும்புப் பட்டையை நுழைத்து நெம்ப வேண்டும். இந்த நடுப்பள்ளத்தின் பயன் அறியாதவர்கள் வலிமையால் போராடி டியூபையும் கிழித்துவிடுவார்கள். ஒரு பக்க விளிம்பு முழுவதும் வெளியே வந்துவிட்டால், சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றாமலே டியூபை உருவிவிடலாம்.

கடையில் டியூபுக்குக் காற்றடித்து நீர்த்தொட்டியில் அமிழ்த்துவார்கள். ஓட்டை உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். எங்களிடம் இருந்ததோ குடிக்கும் நீர் அரைப் போத்தல். டியூபைக் கன்னத்தின் அருகே மெல்ல நகர்த்தினால் வெளிவரும் காற்று தோலில் படும். ஐயமுள்ள இடத்தில் சிறிது எச்சில் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். மகள் தன் கன்னத்தைக் கொடுத்துக் கண்டுபிடித்தாள். அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். பசையைத் தடவிவிட்டு உடனே ஒட்டக் கூடாது. ஈரம் போய், விரல்நுனியில் இலேசாகப் பற்றும் பதம் வரும் வரை காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் போட்ட ஒட்டு பாதி வழியில் பெயர்ந்துவிடும். நான் பொறுமையாகவே காத்திருந்தேன். ஒட்டை வைத்து அழுத்தித் தேய்த்தேன். டியூபில் சிறிது காற்றை நிரப்பி உள்ளே வைத்தேன்; அப்போதுதான் அது மடங்காது, பட்டையின் கீழ் அகப்படாது. விளிம்பை மீண்டும் ஏற்றும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வின் அருகில் முடித்தேன். பம்பை மிதித்தேன். சக்கரம் கல்போல் நின்றது.

“பார்த்தாயா?” என்று மகளிடம் கேட்டேன்.

ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகியிருந்தது. அவள் காண விரும்பிய கதிரவன் எங்கள் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிட்டான். நான்கு கிலோமீட்டர் சென்றோம். வண்டியின் பின்புறம் மீண்டும் ஆடியது. இம்முறை அவள் ஒன்றும் கூவவில்லை.

பாலை நிலத்தின் குளிர் கதிரவன் மறைந்தவுடன் வந்துவிடும். செல்பேசியில் தொடர்பு கிடைக்கவில்லை. அதன் வெளிச்சமும் இன்னும் எத்தனை நேரம் நிற்கும் என்று சொல்வதற்கில்லை. நான் மீண்டும் பெட்டியைத் திறந்தேன். கை நடுங்கியது, குளிரால் என்று மகளிடம் சொன்னேன். அவள் என் மேலாடையைப் போர்த்திக்கொண்டு, “முதலில் ஒட்டியது சரியாகத்தானே இருந்தது?” என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. சரியாகத்தான் ஒட்டியிருந்தேன்.

அப்போது பால் பாத்திரங்கள் ஏற்றிய ஒரு ‘சக்டோ’ வந்தது. மோட்டார் சைக்கிளின் முன்பாதியையும் சுமைவண்டியின் பின்பாதியையும் சேர்த்தது போன்ற மூன்று சக்கர வண்டி அது. குஜராத்தில் சிற்றூர்ச் சாலைகளில் எங்கும் காணலாம். நான் கையை உயர்த்தினேன். ஓட்டுநர் நிறுத்தி ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. மகள் முன்னே வந்து பேசினாள். பாதி குஜராத்தி, பாதி இந்தி; நான் வீட்டில் கண்டிக்கும் அதே கலப்பு. அவர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார். அவள் நூறு என்றாள். அந்த இருட்டில் பேரம் பேச எனக்குத் துணிவு வந்திருக்காது. அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். மூவருமாக வண்டியைத் தூக்கி ஏற்றினோம்.

பிரண்டியாராவில் கடைகள் திறந்திருந்தன. பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் மாவா என்னும் இனிப்புக்குப் பெயர்பெற்ற ஊர் அது. மகள் கையில் சூடான மாவாவைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் பஞ்சர் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் முதியவர். நான் நூலில் கற்ற இந்தியில், “ஹவா நிகல் கயா” என்றேன்.

“கயீ, அப்பா. ஹவா பெண்பால்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மாவாவை மென்றுகொண்டே திருத்தினாள்.

தமிழில் காற்று அஃறிணை. அதற்கு ஆண், பெண் இல்லை. இந்தியில் காற்றும் பெண், சாலையும் பெண், வண்டியும் பெண். நான் வாய் மூடிக்கொண்டேன்.

முதியவர் டியூபை எடுத்து நீரில் அமிழ்த்தினார். என் ஒட்டு உறுதியாகவே இருந்தது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளிப் புதிய ஓட்டை. அவர் அதை ஒட்டத் தொடங்கவில்லை. டியூபைத் தரையில் பரப்பி, டயரின் அருகே வால்வுக்கு நேரே வால்வு வருமாறு வைத்தார். வால்விலிருந்து ஓட்டை வரை சாண் போட்டு அளந்தார், மூன்று சாண். டயரிலும் வால்வு இருந்த இடத்திலிருந்து மூன்று சாண் அளந்தார். டியூபைத் திருப்பிப் போட்டிருந்தால் கணக்கு மறுபக்கம் போய்விடும் என்பதால், எதிர்த்திசையிலும் மூன்று சாண் அளந்து சுண்ணக்கட்டியால் குறியிட்டார். பின்பு ஒரு பழைய பருத்தித் துணியை எடுத்து, அந்த இரண்டு இடங்களிலும் டயரின் உட்புறத்தைத் துடைத்தார். இரண்டாம் இடத்தில் துணியின் நூல் எதிலோ சிக்கியது. விரலால் தடவ விரும்பிய என் கையைத் தட்டிவிட்டார். குறடால் பற்றி இழுத்தார். நெல்மணியில் பாதி அளவே இருக்கும் ஒரு முள்முனை வெளியே வந்தது.

நான் பிடுங்கி எறிந்தது முள்ளின் அடிப்பகுதி. முனை ஒடிந்து ரப்பருக்குள் நின்றுவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் அது டியூபைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எத்தனை ஒட்டுப் போட்டாலும் அத்தனை ஓட்டை விழுந்திருக்கும்.

முதியவர் அந்த முனையை என் உள்ளங்கையில் வைத்து, “காண்டோ பாவள்” என்றார். குஜராத்தியில் பாவள் என்பது கருவேலம். முன்சொல்லுக்குப் பைத்தியம் பிடித்த என்று பொருள். முள்ளுக்கும் அம்மொழியில் ஏறத்தாழ அதே ஒலியுள்ள சொல் உண்டு. நம் எழுத்தில் எழுதினால் பைத்தியமும் காண்டோ, முள்ளும் காண்டோ. அவர்கள் எழுத்தில் இரண்டும் வேறு. நான் முள்ளைச் சொல்கிறார் என்று நினைத்தேன். மகள் பைத்தியக் கருவேலம் என்று பொருள் கூறினாள்.

அந்த மரம் வேறெதுவும் அன்று, நம் சீமைக்கருவேலம். நடு அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டது. உப்புப் பாலை பரவாமல் தடுப்பதற்காக 1960களில் அதைக் கட்ச்சில் நட்டார்கள். பின்பு அது பன்னிப் புல்வெளியையே விழுங்கத் தொடங்கியது. அதனால்தான் அந்தப் பெயர். அங்கே அதை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். இராமநாதபுரத்திலும் அப்படியே. நான் பிறந்த ஊரின் கண்மாய்க்கரையில் நிற்கும் மரத்தின் முள், ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் என் சக்கரத்தில் குத்தியிருக்கிறது. சிறுவனாக வெறுங்காலுடன் ஓடி அந்த முள்ளை எத்தனை முறை வாங்கியிருப்பேன்! என் தாயார் முள்ளை எடுத்தபின் விளக்கருகே அதைப் பிடித்துப் பார்ப்பார். முனை கூராக இருந்தால்தான் காலை விடுவார். மொட்டையாக இருந்தால் மறுபடியும் ஊசியைக் கையிலெடுப்பார். மாலையில் பிடுங்கிய முள்ளை நான் பார்க்காமலே எறிந்தேன்.

ஒட்டுக்குரிய கூலியை முதியவர் வாங்கிக்கொண்டார். இரவு ஒன்பது மணிக்கு வீடு சேர்ந்தோம்.

இனி, இந்தச் சக்கரத்தின் கதையையும் சிறிது கேளுங்கள். காற்றடைத்த சக்கரத்தை முதலில் எண்ணியவர் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், ஆண்டு 1845. அது பரவவில்லை. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல்பாவிய தெருவில் குலுங்குவதைக் கண்டு ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். 1888ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார். ஆனால் அக்காலத்து டயர் ரிமோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. ஓட்டை விழுந்தால் பிரித்தெடுத்துச் சீராக்கப் பல மணிநேரம் ஆகும்; பசை காய ஓர் இரவு காத்திருக்க வேண்டும். பிரான்சு நாட்டு மிஷலின் உடன்பிறப்புகள் 1891இல் எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரை உருவாக்கினர். அதைப் பூட்டிய சைக்கிளில் சார்ல் தெரோன் என்னும் வீரர் அவ்வாண்டே பாரிசிலிருந்து பிரெஸ்ட் வரை சென்று திரும்பும் பந்தயத்தில் வென்றார். அடுத்த ஆண்டு தாங்கள் நடத்திய பந்தயத்தில், பஞ்சர் ஒட்டுவது எவ்வளவு எளிது என்று காட்டுவதற்காகச் சாலையில் ஆணிகளைத் தூவி வைத்தார்களாம். ஓட்டியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியதே எம்.ஆர்.எப். நிறுவனம். பலூனிலிருந்து டயருக்குப் போனது நெடுந்தொலைவு அன்று. இரண்டும் காற்றைப் பிடித்து வைக்கும் ரப்பர்தான்.

இன்று பல வண்டிகளில் டியூப் இல்லாத டயர் வந்துவிட்டது. அதில் செய்முறை தலைகீழ். ஆணி குத்தியிருந்தால் வழியில் அதைப் பிடுங்கக் கூடாது. ஆணியே ஓட்டையை ஓரளவு அடைத்திருக்கும். காற்று மெல்லத்தான் இறங்கும். காற்றை அளந்து நிரப்பிக்கொண்டு மெதுவாகக் கடை வரை சென்றுவிடலாம். அங்கே ஆணியைப் பிடுங்கி, பசை தோய்ந்த ரப்பர்த் திரியை ஓட்டைக்குள் செருகுவார்கள். சில நிமிட வேலை. டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் மட்டும் திரியை நம்பக் கூடாது. டயரையே மாற்ற வேண்டும்.

காற்றின் அளவும் பஞ்சருக்குக் காரணமாகும். அளவு குறைந்த சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிமுக்கும் டயருக்கும் இடையே நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டைகள் விழும். சிறிய வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு, பின்சக்கரத்துக்கு ஒருவர் சென்றால் 28 பவுண்டு அளவில் காற்று வேண்டும். இருவர் ஏறினால் பின்சக்கரத்துக்கு மிகுதி. உங்கள் வீட்டு வண்டிக்குரிய அளவை அதன் கையேட்டில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3122 என்றிருந்தால் அது 2022ஆம் ஆண்டின் 31ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. 100/90-17 என்றிருந்தால் அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அகலத்தில் 90 விழுக்காடு, ரிமின் விட்டம் 17 அங்குலம். தேசிய நெடுஞ்சாலையில் உதவி வேண்டினால் 1033, எந்த இடர் நேர்ந்தாலும் 112 என்னும் எண்களை மனத்தில் வையுங்கள்.

இப்போது என் மகளின் பிழைக்கு வருவோம். ‘காற்று இறங்கியது’ என்றால் காற்று தானே செய்த செயல், இது தன்வினை. ‘முள் காற்றை இறக்கியது’ என்றால் ஒன்று மற்றொன்றைச் செய்வித்தது, இது பிறவினை. ‘ங்கு’ என்னும் மெல்லினம் ‘க்கு’ என்னும் வல்லினமாக மாறினால் பொருளும் மாறுகிறது. பஞ்சர் கடையில் நின்றால் இந்த இலக்கணம் முழுவதையும் கேட்கலாம். மரை கழன்றது, மரையைக் கழற்றினார். சக்கரம் உருண்டது, சக்கரத்தை உருட்டினார். டியூப் நிரம்பியது, டியூபை நிரப்பினார். விளிம்பு ஏறியது, விளிம்பை ஏற்றினார். பல ஆண்டுகளுக்குப் பின் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரு மறுப்புக் கூறினாள். “நான் சொன்னது சரிதான், அப்பா. அந்த முள்தான் காற்றை இறக்கியது. எழுவாயைச் சொல்ல எனக்கு நேரம் இல்லை.” இலக்கணப்படி அதை என்னால் மறுக்க முடியவில்லை.

அருஞ்சொற்பொருள்

மரை – திருகாணியை இறுக்கும் வளையம். நெம்புதல் – கருவியைக் கீழே கொடுத்து மேலே தூக்குதல். உப்புத்தாள் – தேய்க்கப் பயன்படும் சொரசொரப்பான தாள். பதம் – உரிய பக்குவம். விரற்கடை – ஒரு விரலின் அகலம். சாண் – விரித்த கையில் கட்டைவிரல் நுனி முதல் சிறுவிரல் நுனி வரை உள்ள நீளம். குறடு – பற்றி இழுக்கும் கருவி. கண்மாய் – ஏரி, பாசனக் குளம். கரிமூட்டம் – விறகை மூடி எரித்துக் கரியாக்கும் குவியல்.

பயிற்சி

1. முன்சக்கரத்தில் காற்று இறங்கினால் எந்தப் பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும்? ஏன்?

2. ஆசிரியர் போட்ட ஒட்டு உறுதியாக இருந்தும் காற்று மீண்டும் இறங்கியது ஏன்? உம் சொற்களில் ஐந்து வரிகளில் எழுதுக.

3. முதியவர் முள்முனை இருந்த இடத்தை எவ்வாறு கண்டறிந்தார்? அவர் இரண்டு திசைகளிலும் அளந்ததன் காரணத்தைப் படம் வரைந்து விளக்குக.

4. பின்வரும் தன்வினைகளுக்குப் பிறவினை எழுதி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைக்க: சுழன்றது, அடங்கியது, திருந்தியது, மாறியது, திரும்பியது.

5. “நான் சொன்னது சரிதான்” என்று மகள் கூறியதை ஏற்கிறீரா? வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து உரையாடுக.

6. வீட்டு வண்டியின் டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணைக் குறித்து வந்து, அது எந்த ஆண்டில், எந்த வாரத்தில் செய்யப்பட்டது என எழுதுக.

7. உம் தெருவிலுள்ள பஞ்சர் கடைக்காரரிடம் பேசுக. அவர் தம் கருவிகளுக்கு வழங்கும் பெயர்களை அவர் மொழியிலேயே எழுதி, எதிரே அவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக. பெற்றோருக்கும் தெரியாத கருவி இருந்தால் அதன் படத்தை மட்டும் வரைந்து கொண்டுவருக.